ஏழு, பிறை, சீப்பு, நாலு

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி போன மாதக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மைக் என் பக்கமாக நகர்ந்து வருவதைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தவள், அப்படியே காரோடு ஊருக்குப் போகும் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். மன்னிக்க வேண்டும். நாலு முகம் ஒன்றாக என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் கிளாஸ் வரை படித்ததை வைத்து எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் மெஷினை முடுக்கினால் அதுவே தன்னைச் சோதித்துப் பார்த்துப் பச்சை விளக்குக் காட்டும் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதான். ஆனால் அந்தப் பச்சை விளக்கைப் போடுவது யார் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா என்று தெரியவில்லை. நான் வேலையில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அந்தக் குணம் எனக்கு எப்படி வந்தது என்று சொன்னால் போதும். எனக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நம்முடைய நிலையம் பாறசாலை சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை மாடியில் இருந்தது. நர்சிங் பள்ளிகளின் பரீட்சைக்கு வினாத்தாள் அச்சடித்துக் கொடுப்பதுதான் தொழில். திருவனந்தபுரத்துத் தலைமை ஆபீசிலிருந்து வினாத்தாள் பிளாப்பியில் பூட்டி வரும். பூட்டி என்றால், அப்படியே திறந்து பார்த்தால் ஒன்றும் புரியாத கிறுக்கலாக இருக்கும். ஒரு திறவுச்சொல்லைத் தட்டினால்தான் கேள்விகள் தெரியும். அந்தச் சொல் ஒரே ஒரு ஆளிடம்தான் உண்டு. தலைமை ஆபீஸ் எஞ்சினியர் மேடம். அவரே ஜீப்பில் வந்து, எங்களை வெளியே நிறுத்திவிட்டு, தட்டித் திறப்பார். பரீட்சைக் காலம் முழுவதற்கும் ஒரே சொல்தான். அது வெளியே போனால் ஒரு தாள் அல்ல, அத்தனை தாளும் போச்சு.

நான் அங்கே கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவள். என்னை ஏன் கம்ப்யூட்டர் அறைக்குள் விட்டார்கள் என்பதை அடுத்த அறையில் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "வினாத்தாள் கண்ணில பட்டாலும் வாசிக்கத் தெரியாத ஒருத்தி வேணும். இவிய மதி, போதும்" என்று மானேஜர் சார் சொன்னார். தமிழ் வாசிப்பேன், மலையாளம் எழுத்துக்கூட்டுவேன், இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. தெரியாததுதான் என் தகுதி. கேட்டபோது வலித்தது. மறுநாள் வேலைக்குப் போனேன்.

மேடத்துக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, பலகையில் குத்தியிருந்த ஒரு கறுத்த சிப்பைக் காட்டினார். இருபத்தெட்டுக் கால் உள்ள பூரான் மாதிரி இருந்தது.

"சேச்சி, மெஷினுக்கு உயிர் வந்ததும் மொதல்ல முழிக்கது இதாக்கும். நான் தட்டுகதையும் மொதல்ல கேக்கது இதுதான். இதுக்குள்ள எழுதி வச்சிருக்கத எவனாவது மாத்திட்டா, நான் தட்டுக சொல்ல இது ஒளிச்சு வச்சுக்கிடும். பொறவு அவன் வந்து எடுத்துக்கிடுவான்."

"அப்பம் இது நல்லதா கெட்டதான்னு எப்பிடித் தெரியும் மேடம்? மெஷின்ல கேட்டா சொல்லாதா?"

"கள்ளன்கிட்ட நீ கள்ளனான்னு கேட்டா என்ன பறைவான்?"

நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை.

"அதனாலதான். இந்த மெஷினப் பத்தி இந்த மெஷின்கிட்டயே கேக்கப்படாது. சிப்பப் பிடுங்கணும். வேற மெஷின்ல வச்சு கேக்கணும்."

இரும்பு அலமாரிக்குள் ஒரு பழைய பச்சைத்திரைக் கம்ப்யூட்டர் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு வேறு வேலை எதுவும் கிடையாது. பிடுங்கிய சிப்பை அதனோடு சேர்ந்த ஒரு சின்னப் பெட்டியில் வைத்தால், சிப்புக்குள் இருப்பதையெல்லாம் கணக்குப் போட்டு எட்டு எழுத்தாகத் திரையில் காட்டும். சரியான எட்டு எழுத்து என் நோட்டில் உண்டு. ஒருத்தி திரையைப் பார்த்து வாசிக்க வேண்டும். இன்னொருத்தி நோட்டைப் பார்த்து டிக் போட வேண்டும். எட்டும் சேர்ந்தால் சிப்பைத் திரும்பக் குத்திவிட்டு நான் தாளில் கையெழுத்துப் போடுவேன். அதைக் கண்டால்தான் மேடம் விசைப்பலகையில் கை வைப்பார். வேறு கேள்வி கேட்க மாட்டார்.

திரையைப் பார்த்து வாசிப்பவள் செலின். பத்தாம் கிளாஸ் முடித்தவள், எங்கள் டைப்பிஸ்ட். கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

ஆரம்பத்தில் அவள் இங்கிலீஷ் எழுத்தின் பெயரைச் சொல்லித்தான் வாசித்தாள். பி, சி, டி, ஈ எல்லாம் ஃபேன் சத்தத்தில் எனக்கு ஒன்றுபோலவே கேட்டது. அவள் டி என்றால் நான் பி மேல் விரலை வைத்து, "சேரல்ல" என்பேன். ஒரு முறை அதனாலேயே அரை நாள் வேலை நின்றது. அன்றைக்கு வீட்டில் சமைத்துக்கொண்டே யோசித்தேன். எழுத்தின் பெயர் தெரியாவிட்டால் என்ன, உருவம் தெரிகிறதே. A ஏணி. B மூக்குக்கண்ணாடி. C பிறை. D வில். E சீப்பு. F சாவி. அதற்கு மேல் எழுத்து வராது என்று மேடம் சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் நம்பர்தான். மறுநாள் செலினிடம் சொன்னேன்.

"அக்கா, சீப்பா? நல்லா இருக்கு. ஒங்க தலைக்குள்ள பேன் மட்டும்தான் உண்டுன்னு நெனச்சேன்" என்றாள்.

மேடம் கேட்டுவிட்டு, "இது கொள்ளாம் கேட்டோ, நல்லா இருக்கு" என்றார். எனக்கு முகம் சிவந்தது. அதன்பின் தவறிக் கேட்பது அடியோடு நின்றது. எங்கள் நம்பர் இப்படி ஆனது: ஏழு, பிறை, சீப்பு, நாலு, ஒண்ணு, கண்ணாடி, சாவி, சைபர்.

நான் செய்த நல்ல காரியம் அது. நான் செய்த கெட்ட காரியமும் அதுதான். எப்படி என்று சொல்கிறேன்.

இரண்டு மூன்று வருஷம் போனது. ஒவ்வொரு பரீட்சைக்கும் சிப்பைப் பிடுங்குவோம், வாசிப்போம், குத்துவோம். நம்பர் ஒரு நாளும் மாறவில்லை. செலின் அதற்கு ஒரு ராகம் போட்டுவிட்டாள். 'ஏழு பிறை சீப்பு நாலு' என்று ஏறும், 'ஒண்ணு கண்ணாடி சாவி சைபர்' என்று இறங்கும். அச்சடிக்கும் பெண்கள்கூட அதை முணுமுணுத்தார்கள். வெளியே சொல்லக்கூடாத ஒன்றும் அதில் இல்லை, வெறும் நம்பர்தானே. எனக்கும் அது பிடித்திருந்தது. வாய்ப்பாடு சொல்வதுபோல இருக்கும்.

ஒரு துலா மாதம், நம்முடைய ஐப்பசி. அந்த மழைக்கு இங்கே இடி எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு புதன்கிழமை சாயங்காலம் எங்கள் மாடிக்குப் பின்னால் நின்ற தென்னையில் விழுந்தது. மறுநாள் வியாழக்கிழமை நான் காலுக்கு மருந்து வாங்கக் காரக்கோணம் போயிருந்தேன். அன்று சர்வீஸ்காரர் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துப் போனதாக வெள்ளிக்கிழமை செலின் சொன்னாள். பதிவு நோட்டில் அவர் 'தூசி துடைத்தேன்' என்று மட்டும் எழுதியிருந்தார். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்லும் ஆள். என்னுடைய மருந்துச் சீட்டை ஒரு முறை பொறுமையாக வாசித்துச் சொன்னவர். நான் அதற்கு மேல் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் பெரிய பரீட்சை. முந்தின நாள் காலையில் பிளாப்பி வந்துவிட்டது. மேடம் பன்னிரண்டு மணிக்கு வருவார். சாயங்காலம் நாலு மணிக்குள் கட்டுகள் வண்டி ஏற வேண்டும். பத்தரைக்குச் சிப்பைப் பிடுங்கினோம். அதன் முதுகில் மேடம் கையெழுத்துப் போட்ட வெள்ளி நிற ஒட்டு இருக்கும். அதுவும் இருந்தது. பழைய மெஷினில் வைத்தோம். செலின் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் மேசைக்கு இந்தப் பக்கம், நோட்டும் பென்சிலுமாக. திரை எனக்குத் தெரியாது. அப்படித்தான் உட்கார வேண்டும் என்பது முறை.

"ஏழு."

டிக்.

"பிறை. சீப்பு. நாலு."

டிக், டிக், டிக். தலைக்கு மேலே ஃபேன் ஒரு தடவை முனகிவிட்டு வேகம் தளர்ந்தது.

"ஒண்ணு, கண்ணாடி, சாவி, சைபர். முடிஞ்சு அக்கா. கையெழுத்தப் போடுங்க. மரச்சீனிக் கிழங்கு அவிச்சுக் கொண்டு வந்திருக்கேன், ஆறிப்போவும்."

எட்டு டிக்கும் வரிசையாக இருந்தன. பேனாவை எடுத்தேன். கழுத்தில் ஒரு சொட்டு வேர்வை இறங்கியது. மேலே பார்த்தேன். ஃபேனின் இறக்கைகள் கடைசிச் சுற்றுச் சுற்றி நின்றுகொண்டிருந்தன.

"செலினே, கரண்டு எப்பம் போச்சு?"

"இப்பம்தான். ஏன், வேர்க்குதா மகாராணிக்கு?"

"நாலுல போச்சு."

"செரி, நாலுல போச்சு. அதுக்கு?"

"நாலுக்குப் பொறவு நீ என்னத்தப் பாத்து வாசிச்ச மக்கா?"

மேடம் தட்டும் பெரிய மெஷினுக்குத்தான் கரண்டு போனால் தாங்கும் பெட்டி உண்டு. பழைய மெஷினுக்குக் கிடையாது. செலின் திரையைப் பார்த்தாள். அதில் அவள் முகம்தான் தெரிந்திருக்கும்.

"எனக்க மாதாவே" என்றாள்.

கரண்டு வர இருபது நிமிஷம் ஆனது. இரண்டு பேரும் மரச்சீனியைத் தொடவில்லை. திரையில் பச்சை வந்ததும் செலின் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்பம் பாடாம வாசிக்கேன்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

"ஏழு" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்ல அக்கா. ஏழு இல்ல. வாய் தானாட்டு சொல்லுது."

"மொதல்ல இருந்து வேண்டாம். கடைசியில இருந்து வா. வலத்தப் பக்கம். விரல வச்சு வாசி."

அவள் திரையில் விரலை வைத்தாள். "அஞ்சு."

என் நோட்டில் கடைசி எழுத்து சைபர்.

"ஏணி."

என்னிடம் சாவி.

"ரெண்டு. வில்..."

எட்டும் வாசித்தாள். எட்டில் ஒன்றுகூடச் சேரவில்லை. ஒரு எழுத்து மாறியிருந்தால் கண் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். மொத்தமும் வேறு நம்பர். அதைப் பார்க்காமல் நாங்கள் இரண்டு பேரும் பழைய பாட்டையே ஓட்டிக்கொண்டிருந்தோம். மூன்று தடவை சிப்பை எடுத்து எடுத்து வைத்து வாசித்தோம். மூன்று தடவையும் அதே புது நம்பர்.

செலின் போய் மானேஜர் சாரைக் கூட்டிவந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் வந்தது பயம் அல்ல, நிம்மதி.

"இதுக்கா இந்தப் பாடு? அன்னைக்கு இடி விழுந்துல்லா. சர்வீஸ்காரன் புது சிப்பு மாத்தியிருப்பான். புது சிப்புன்னா புது நம்பர். அவ்வளவுதான்."

நோட்டில் எழுதவில்லையே என்று செலின் சொன்னாள். எழுத மறந்திருப்பான் என்றார். கீழே போய் அவருக்கு ஃபோன் பண்ணினார். நானும் கூடப் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் சொன்னம்லா? பழசு இடியில கரிஞ்சு போச்சாம். மாத்திட்டு, பழச வேஸ்ட் கூடையில போட்டாராம். போதுமா? போங்க, சிப்பக் குத்திட்டுக் கையெழுத்தப் போடுங்க. மேடம் வாற நேரம் ஆச்சு."

கேட்பவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் விளக்கம் அது. நானும் ஒத்துக்கொண்டு படியில் கால் வைத்தேன். அப்போதுதான் கூடை என்ற சொல் உறைத்தது. அந்த அறையின் கூடையைக் கவிழ்ப்பவள் நான். வினாத்தாள் அறையின் குப்பை என்பதால் வெளியே கொட்டக் கூடாது. பின்பக்கம் கொண்டுபோய் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்துத்தான் எரிக்க வேண்டும். வியாழக்கிழமைக் குப்பையை வெள்ளிக்கிழமை காலையில் எரித்தேன். அச்சுத்தாளின் ஓட்டை போட்ட ஓரங்கள், ஆரஞ்சுத் தோல், மை காய்ந்த ரிப்பன். இருபத்தெட்டுக் கால் உள்ள ஒன்று அதில் இருந்திருந்தால் என் கையில் குத்தியிருக்கும்.

"கூடையில சிப்பு இல்ல சார்" என்றேன்.

"என்னது?"

"வெள்ளிக்கிழம கூடையில சிப்பு இல்ல. நானாக்கும் எரிச்சது."

"அப்பம் வேற எங்கயாவது போட்டிருப்பான்!"

"கூடையிலன்னு சொன்னாரே சார்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அஞ்சாம் கிளாஸ்காரி எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பிக்கியா? இன்னைக்கு அச்சு நின்னா என்ன ஆவும்னு தெரியுமா? நாளைக்குப் பரீட்ச நடக்காது. ஒப்பந்தம் போவும். இங்க வேல செய்யுக ஏழு பொம்பளையும் வீட்டுல இருப்பிய. அதுல நீயும் உண்டு. ஒரு கையெழுத்து. அதுக்கு ஒனக்கு எவ்வளவு கெத்து!"

அச்சு அறையிலிருந்து மற்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை முகமும் என் மேல். அப்போது நடந்ததை உங்களிடம் மறைக்க மாட்டேன். என் கை பேனாவின் மூடியைக் கழற்றியது. மானேஜருக்குப் பயந்து அல்ல, வேலை போகும் என்றும் அல்ல. அத்தனை பேர் பார்க்க ஒரு மனுஷன் என் முன்னால் கத்திக்கொண்டு நிற்கிறாரே, அது எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருந்தது. தவறான கையெழுத்து பேராசைக்காரர்கள் மட்டும் போடுவது அல்ல, பிள்ளைகளே. என்னைப்போலக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம் போடுவார்கள். உங்களில் யார் அப்படி என்று உங்களுக்கே தெரியும்.

பேனா முனை தாளைத் தொடும்போது மேடத்தின் முகம் நினைவுக்கு வந்தது. இந்தத் தாளைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், உட்கார்ந்து தட்டுவார். ஒன்றும் கேட்க மாட்டார். கேட்டாலாவது பரவாயில்லை. கேட்க மாட்டார் என்பதுதான் என் கையை நிறுத்தியது.

எதிர்த்துப் பேச எனக்கு வராது. மேசைக்குப் போய்ச் சிப்பை எடுத்தேன். கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அது இல்லாமல் பெரிய மெஷின் முழிக்காது.

"என்ன செய்யுக?" என்றார் மானேஜர்.

நான் விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"சேச்சி, இங்க கொண்டா அத."

மடியில் மற்றக் கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டேன். அவர் ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்துத் திறக்கிற ஆள் அல்ல. அது எனக்குத் தெரியும். அரை மணி நேரம் சத்தம் போட்டார், கெஞ்சினார், மறுபடி சத்தம் போட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்பின் கால்கள் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தன.

மேடம் வந்தார். நான் கையைத் திறந்து காட்டினேன். உள்ளங்கை முழுக்கச் சின்னச் சின்னக் குழியாக இருந்தது. மானேஜர் சொன்னதையும் நாங்கள் சொன்னதையும் கேட்டார். சிப்பைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதுகில் இருந்த வெள்ளி ஒட்டை நகத்தால் லேசாகத் தூக்கினார். அடியில் இரண்டு பசை இருந்தது. ஒன்று காய்ந்து மஞ்சளானது, ஒன்று புதிது.

"இது எனக்க கையெழுத்து" என்றார். "பழைய சிப்பு மேல ஒட்டினது. புது சிப்பு மாத்தினவன் நல்லவன்னா, இதப் பிச்சு எடுத்துப் புதுசு மேல எதுக்கு ஒட்டணும்?"

மானேஜர் சார் உட்கார்ந்துவிட்டார். பிளாப்பி பூட்டியபடியே திருவனந்தபுரத்துக்குத் திரும்பிப் போவதென்றும், அச்சு அங்கேயே நடப்பதென்றும் மேடம் முடிவு சொன்னார். பரீட்சை இரண்டு நாள் தள்ளிப் போனது. திறவுச்சொல்லை அவர் அன்று தட்டவே இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

மானேஜர் சார் மெதுவாகச் சொன்னார். "மேடம், வியாழக்கிழம அவன்கூட நின்னது செலின். இன்னைக்கு வேற நம்பர் இருக்கச்சிலே பழைய நம்பர வாசிச்சதும் செலின்."

மேடம் திரும்பினார்.

"செலின், வியாழக்கிழம அவன் மெஷினத் தொறந்தப்பம் நீ பக்கத்துலயே நின்னியா?"

"நின்னேன் மேடம். ஃபோன் வந்துன்னு ஒருக்க கீழ போனேன். எடுத்தா ஆரும் பேசல்ல. ஒடனே வந்துட்டேன்."

"இன்னைக்கு நம்பரக் கண்டும் மறச்சியா, காணாம வாசிச்சியா?"

"காணாம மேடம். எனக்கப் பிள்ள மேல சத்தியம்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குப் பதிலாகவும் பேசுகிறவளுக்குத் தனக்காகப் பேச வரவில்லை.

நானும் அவளைச் சந்தேகப்பட்டேன். இத்தனை வருஷப் பழக்கம், அவள் கொண்டுவந்த மரச்சீனி மேசையில் இருக்கிறது, நான் அவள் முகத்தைப் பார்த்து, இருக்குமோ என்று நினைத்தேன். சர்வீஸ்காரர் அவளிடம் சிரித்துப் பேசியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. சந்தேகம் ஒரு ஆளைப் பிடித்துவிட்டால் பழைய சிரிப்பையெல்லாம் தோண்டி எடுக்கும். அதை அப்படியே விட்டிருந்தால் செலின் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பாள். வேலை மட்டும் அல்ல, பேரும் போயிருக்கும். ஊருக்குள் கள்ளி என்ற பெயரோடு அந்தப் பிள்ளையை வளர்த்திருக்க வேண்டும்.

அவளை நல்லவள் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டும் மனதுக்குள் திரும்ப ஓட்டினேன். நாலு. ஃபேன் நின்றது. ஒண்ணு, கண்ணாடி, சாவி, சைபர்.

"மேடம்" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மேடம், கரண்டு போன பொறவும் அவ வாசிச்சா."

"அதான் பறஞ்சினியளே."

"மறைக்கணும்னு உள்ளவ திரையப் பாத்துட்டேதான் இருப்பா. அதுல இருக்குக நம்பருக்குப் பதிலா வேற நம்பரச் சொல்லணும்லா. திரை கெட்டதும் அவளுக்குத்தான் மொதல்ல தெரியும். கரண்டு போச்சுன்னு அவதான் சொல்லியிருப்பா. இவ கரண்டு போனதே தெரியாம சொன்னா. திரையப் பாக்கவே இல்ல. பாக்காதவ எப்பிடி மறைப்பா?"

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னது பாதிதான்.

"நானும் அப்பிடித்தான் மேடம். அவ சொல்லுகதுக்கு மின்னயே என் பென்சில் டிக் போட்டுட்டு இருந்து. பாட்டுத் தெரியும்லா."

மேடம் நோட்டை வாங்கினார். பக்கம் பக்கமாகப் பின்னால் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் எட்டு டிக். பிசகாமல், ஒரே சாய்வில், அழகாக இருந்தன.

"இதுல எந்த டிக் பாத்துப் போட்டது சேச்சி?"

சிப்பு அந்த வியாழக்கிழமைதான் மாறியதா, அதற்கு முந்தின மழையிலேயே மாறியதா, அதற்கு முன் எத்தனை பரீட்சைக்கு மேடம் என் கையெழுத்தை நம்பித் தட்டினார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கண்டுபிடிக்கத்தான் அந்த நோட்டு. என் டிக் இருந்ததால் அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய திறவுச்சொற்களை எல்லாம் மாற்றினார்கள். மேடம் வேறு நல்ல சிப்பைக் கொண்டுவந்து குத்தி, அதன் புது நம்பரை என் நோட்டில் எழுதினார்.

பிறகு மேடம் ஃபோனில் சொன்னார். அந்தச் சிப்புக்குள் கூடுதலாக ஒரு சின்ன வேலை எழுதி வைத்திருந்ததாம். தட்டுவதை எல்லாம் பேட்டரியில் உயிரோடு இருக்கும் ஒரு மூலையில் போட்டு வைக்குமாம். சர்வீஸ்காரர் நெய்யாற்றின்கரையில் இருந்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். வியாழக்கிழமை அவரை நாங்கள் அனுப்பவே இல்லை என்று அவருடைய கம்பெனி சொன்னது. அதையும் நான் முழுசாக நம்பவில்லை. ஒப்பந்தம் போகவில்லை. செலினும் போகவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்டாள். "என்னைய நம்பித்தானே சொன்னிய அக்கா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்ல மக்கா. ஃபேன நம்பிச் சொன்னேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு மாதம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. கடைசியிலிருந்து வாசிப்பாள், விரலை வைத்து வாசிப்பாள், எழுந்து போவாள். அந்த அறை அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் அவளே ஒரு டப்பாவோடு வந்தாள். உள்ளே ஒன்றிலிருந்து எட்டு வரை எழுதிய சீட்டுகள் சுருட்டிக் கிடந்தன.

"பின்னால இருந்து வாசிக்கதும் பாட்டா ஆயிட்டு வருது அக்கா. நேத்து சோறு வடிக்கச்சிலே முணுமுணுத்தேன். இனி குலுக்கி எடுப்போம். வாற நம்பர்ல இருந்து தொடங்கணும். இடமும் மாறி மாறி இருப்போம். இன்னைக்கு நீங்க திரையப் பாருங்க, நான் டிக் போடுகேன்."

சீட்டு எடுத்தேன். ஆறு. ஆறாவது எழுத்தில் விரலை வைத்துத் தொடங்கி, கடைசியில் முட்டி, முதலுக்குத் திரும்பி வந்து, எட்டையும் வாசித்தேன். வேர்த்துவிட்டது. எல்லாம் சேர்ந்தது. செலின் டிக் போட்டு முடித்ததும் எழுந்து வந்து, திரையைத் தன் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள்.

"மூணாவது எழுத்து என்ன? சொல்லுங்க பாப்போம்."

யோசித்தேன். வரவில்லை. அந்தப் புது நம்பரில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

"தெரியல்லயே மக்கா."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். "கொள்ளாம். அப்பம் பாத்துத்தான் வாசிச்சிருக்கிய. போடுங்க கையெழுத்த."